மூன்றாம் மாடியின் வருமானம்

பெரியவர்களிடம் குரலை உயர்த்திப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை, ஐயா. வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இடம் வாங்குகிற விஷயத்தில் மட்டும்தான் நான் கொஞ்சம் முந்திரிக்கொட்டை.

அந்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு மனை வாங்கினேன். பத்து வருடத்தில் மூன்று மடங்காகும் என்று எல்லோருக்கும் கணக்குப் போட்டுக் காட்டினேன். முதல் மழையிலேயே அது குளமாகிவிட்டது. அடுத்து ஒரு கடை. மறுவருடமே எதிரே மேம்பாலம் வந்தது. வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் என் தலைக்கு மேலே போகத் தொடங்கினார்கள். "நீங்க கணக்குப் போட்டாலே அந்த இடத்த விட்டு மனுஷங்க ஓடிடறாங்க," என்பாள் மனைவி. மச்சான் விழுந்து விழுந்து சிரிப்பான். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் அவமானம் பிடுங்கித் தின்னும்.

மூன்றாவதுதான் உருப்படி. மூன்றாம் மாடியில் இரண்டு அறை, தெருவைப் பார்த்த பால்கனி. பத்திரச் செலவு, வரி, பராமரிப்பு எல்லாம் போக, போட்ட பணத்துக்கு என் கணக்கில் ஆறு சதவீதம் நின்றது. வாடகைக்கு ஆள் வருவதற்குள் மாமனார் வந்துவிட்டார். தன் வீட்டுக் கூரையைச் சரிசெய்யும்வரை இரண்டு மாதம் என்றார். நாலு வருடம் ஆயிற்று. மாமனாரிடம் போய் வாடகை கேட்க முடியுமா? எப்படிப் போட்டாலும் வருமானம் பூஜ்யம். அவர் விளக்கை அணைக்க மறப்பதையும் சேர்த்தால் அதற்கும் கீழே.

அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. பிடிக்கும் என்றே சொல்லலாம். குடும்பத்தில் என் கணக்கைக் கடைசிவரை உட்கார்ந்து கேட்டவர் அவர் ஒருவர்தான். அவருக்குக் காது சரியாகக் கேட்காது என்பது வேறு விஷயம்.

போன மாதம் ஒரு பல் டாக்டர் அந்த வீட்டைக் கேட்டார். நல்ல வாடகை, கைநிறைய அட்வான்ஸ். "உள்ள ஆள் இருந்தா வேலைக்கு ஆகாது சார். காலி பண்ணிக் குடுங்க," என்றார் புரோக்கர். "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடறேன்," என்றேன். நீங்கள் அந்தச் சொல்லையே பிடித்துத் தொங்குகிறீர்கள். அன்றைக்கு நான் வீட்டைத்தான் சொன்னேன்.

அந்த வாரமே மாமா, "மாப்ள, பால்கனி கம்பி ஆடுது," என்றார். வெல்டரை அழைத்துக் காட்டினேன். "அடியில முழுக்க துரு சார். யாராவது சாஞ்சா போயிடும். உடனே மாத்தணும்," என்று ஒரு தொகை சொன்னார். வாடகையே வராத வீட்டில் கம்பிக்குச் செலவழித்தால் அது எந்தக் காலத்தில் திரும்பும்? அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

பெயிண்ட் மலிவு. ஒரு சின்ன டப்பா பச்சை வாங்கி, துரு தெரியாதபடி நானே அடித்தேன். முகமெல்லாம் பச்சையாகிக் கிளி மாதிரி நின்றேன். மாமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"புதுசு மாதிரி ஆயிடுச்சு மாப்ள. ஆட்டத்தையும் சரி பண்ணிட்டீங்களா?"

"பண்ணியாச்சு மாமா."

பெயிண்ட் காயும்வரை பொறுத்தேன். அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டால் பாவம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே தெருவில் போய் நின்றேன். அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கையை ஆட்டினேன். பார்த்துவிட்டார். ஏதோ கேட்டேன். "என்ன மாப்ள, கேக்கல," என்று காதில் கையை வைத்துக்கொண்டு கம்பியில் சாய்ந்தார். மறுபடியும் கேட்டேன். இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

சாவு விழுந்த வீடு வேண்டாம் என்கிறார் பல் டாக்டர் இப்போது. அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன் பாருங்கள், அதுதான் நான்.

எல்லாம் நான் தெரிந்தே செய்ததுதான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் கீழே நின்று அவரிடம் கத்தினேன் என்று எதிர்வீட்டு அம்மா சொன்னதை மட்டும் அடித்துவிடுங்கள். "சாப்டீங்களா மாமா" என்று மெதுவாகத்தான் கேட்டேன். அவரிடம் நான் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை.