வார்த்துவிடும் தண்ணீர்

எங்கள் கிணற்றுத் தண்ணீர் இனிப்பு என்று முதலில் சொன்னவன் நான்தான். வேண்டுமென்றால் ஒரு மிடறு குடித்துப் பாருங்கள், பிறகு விசாரியுங்கள்.

நான் சுன்னாகச் சந்தையில் வாழைக்குலைக்கு விலை பேசி வளர்ந்தவன். தர்மபுரத்துக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேறியபோது, அரசாங்கம் எல்லாருக்கும் ஒரே அளவு காணி கொடுத்தது. கிணறு ஒன்றுதான். அதில் யார் அள்ளலாம், யார் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒழுங்கை நான் செய்தேன். பிள்ளைகள் விழாமல் இரும்பு மூடி போட்டுப் பூட்டினேன். சாவியை, நாங்கள் திறப்பு என்போம், நானே வைத்துக்கொண்டேன். அள்ளுகிறவர்கள் அள்ளுவார்கள். வீரகத்தி குடும்பத்துக்கு மட்டும் யாராவது வார்த்துவிடுவார்கள். சாதி என்ற சொல்லை நான் வாயில் எடுத்ததே இல்லை. தண்ணீர் இல்லை என்றும் சொன்னதில்லை. குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஊரோடு லொறி பிடித்தோம். வீரகத்தி கொக்கிளாய்க்குக் கருவாடு ஏற்றப் போயிருந்தான். பெண்சாதி இரஞ்சிதம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு லொறியடிக்கு வந்தாள்.

"ஐயா, பிள்ளைக்கு வயித்தாலை போகுது. எல்லாரும் போனா ஆர் வாத்து விடுறது? திறப்பைத் தந்திட்டுப் போங்கோ."

"இண்டைக்குத் திறப்பைக் கேக்கிறாய். நாளைக்கு என்ர அடுப்படியைக் கேப்பாய்."

லொறி முழுக்கச் சிரித்தது. பகிடி விடுவதில் நான் கெட்டிக்காரன். பக்கத்துக் காணி யோகலிங்கம் மட்டும், "குடுத்திட்டு வாங்கோவன் அண்ணை, சின்னப்பிள்ளை" என்றான்.

"நாளைக்குக் காலமை வந்திடுவம். பொறுக்கட்டும்."

வீட்டு ஆணியில் இன்னொரு திறப்புத் தொங்கியது. இறங்கிப் போய் அதையும் எடுத்து மடியில் செருகினேன். ஏன் என்று கேட்கிறீர்கள். நீங்கள் வியாபாரம் செய்ததில்லை. ஒருநாள் அவள் தானே அள்ளி, கிணறும் இடிந்து விழாவிட்டால், மறுநாள் யார் தள்ளி நிற்பார்கள்?

கோயிலில் எண்ணெய் இல்லாமல், அம்மன் அருளால் கடல்தண்ணீரில் விளக்கு எரிந்தது. பார்த்துக் கண்கலங்கினேன்.

அன்றிரவு இங்கே இரஞ்சிதம் குளத்துச் சேற்றுத் தண்ணீரைச் சீலையில் வடித்துப் பிள்ளைக்குப் பருக்கியிருக்கிறாள். வயிறு இன்னும் மோசமாகப் போயிருக்கிறது. பூட்டை உடைத்திருக்கலாமே என்கிறீர்கள். சின்னப் பூட்டுத்தான், கல்லால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். பிள்ளையோடு கிணற்றடியில் குந்தியிருந்தாளே தவிர, அவள் தட்டவில்லை. அவ்வளவு ஒழுங்கு இருந்தது எங்கள் குடியேற்றத்தில்.

நாங்கள் வந்து இறங்கியபோது குடம் வைக்கிற இடத்தில் வெறுங்குடம் இருந்தது. பிள்ளையின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. மூச்சு இல்லை. இரஞ்சிதம் அழவில்லை. என் மடியைப் பார்த்தாள்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. உடனே மூடியைத் திறந்தேன். பிள்ளையைக் குளிப்பாட்ட வாளி வாளியாக நானே அள்ளி வார்த்தேன். அவள் ஒருதரம் கயிற்றுக்குக் கை நீட்டினாள்.

"தள்ளி நில் பிள்ளை, நான் வாக்கிறன்" என்று தன்மையாகத்தான் சொன்னேன்.