பசை டாக்டர் ஒட்ட மறுத்த நாள்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, மருத்துவத் தோழர்களே, செவிலியச் சகோதரிகளே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் மறைந்த டாக்டரின் கணவரே, மகளே! அனைவருக்கும் வணக்கம். எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மை விட்டுப் போனவர் குடல் சிகிச்சைத் துறைத் தலைவர். அது கதவில் எழுதிய பட்டம். நோயாளிகள் கொடுத்த பட்டம் பசை டாக்டர்! அறுவைக்குப் பிறகு சிலருக்குக் குடலிலிருந்து தோல் வரைக்கும் ஒரு கள்ள வழி உண்டாகிவிடும். தின்றதெல்லாம் வயிற்றின் மேல் கசியும். மறுபடியும் வெட்டித் தைக்க முடியாதவர்களை யாரிடம் அனுப்பினோம்? அவரிடம்தானே!

மனித ரத்தத்திலிருந்து எடுத்த இரண்டு திரவங்கள் தனித்தனி ஊசிக்குழலில் இருக்கும். அந்த வழிக்குள்ளே இரண்டும் சந்தித்த நொடியில் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதைப் பிடித்துக்கொண்டு உடம்பு தானே சதை வளர்த்து மூடும். நான் கத்தியும் தையலுமாகவே காலம் தள்ளியவன். "என்னம்மா, ஸ்கூல் பிள்ளை மாதிரி பசையும் கையுமா கிளம்பிட்டீங்க?" என்று சீண்டுவேன். "நீங்க தெச்சுப் பிரிஞ்சதைத்தானே சார் நான் ஒட்டுறேன்" என்பார்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைப் பயமறியாதவர் என்றார்கள். யார் சொன்னது? ஒவ்வொரு முறையும் பயந்தார் ஐயா அவர்! ஒரு பள்ளி ஆசிரியைக்குச் சிகிச்சை. பசை கலக்கித் தயார். கலக்கியதைத் திருப்பி எடுத்து வைக்க முடியாது. வெளியே குடும்பமே காத்திருந்தது. உள்ளே கழுவிய தண்ணீர் லேசாகக் கலங்கி வந்தது. குழலைக் கீழே வைத்துவிட்டார்.

"இவ்ளோ தூரம் வந்தாச்சு, போட்டுடுங்களேன்" என்றேன் நான்.

"பசை போனா வேற வாங்கிக்கலாம் சார். சீழை உள்ள வெச்சு வாயை அடைச்சா, ஆளே போயிடுவாங்க."

வெளியே போய் அந்தக் குடும்பத்திடம் அவரே சொன்னார். ஏச்சும் பேச்சும் அவரே வாங்கினார். சில வாரம் கழித்து ஒட்டினார். ஆசிரியை இன்று இந்த அரங்கில் இருக்கிறார்!

இப்போது நான் சொல்லப் போவது எனக்கே கலக்கமாக இருக்கிறது. மாடி வார்டில் ஒரு பஸ் டிரைவர் கசிவைப் பிடிக்க வயிற்றில் பை கட்டிப் படுத்திருக்கிறார். பசை டாக்டர் நாள் குறித்துவிட்டுப் போன கடைசி நோயாளி. அவருக்கு நாளைக் காலை, மறைந்தவரின் நினைவாக, நான் பசை போடுவேன் என்று இயக்குநர் சற்று முன் அறிவித்தார். டிரைவரின் மனைவி எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டதை நான் பார்த்தேன்.

இயக்குநர் அவர்களே, மன்னியுங்கள். நாளை நான் போடப் போவதில்லை.

இங்கே வருவதற்கு முன்புதான் ஸ்கேனைப் பார்த்தேன். உள்ளே சீழ் தேங்கியிருக்கிறது. முதலில் குழாய் வைத்து வடிக்க வேண்டும். டிரைவரிடம் சொன்னேன், தேவைப்பட்டால் இங்கே பேசவும் அனுமதி கேட்டேன். "பேசுங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன், அவங்க இல்லைன்னு பயந்துட்டீங்களா சார்?" என்றார். ஆமாம், பயம்தான்! ஒரு உயிர் என் கையில் இருக்கிறது. யோசனை கேட்க அவர் இல்லை. பயமில்லாமல் எப்படி இருக்கும்?

டிரைவர் வீட்டு அம்மா, உங்களிடம் இதைத் தனியாகச் சொல்ல நினைத்திருந்தேன். அதற்குள் அறிவிப்பு முந்திக்கொண்டது.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். சீழ் வடியட்டும், காய்ச்சல் இறங்கட்டும், கசிவு குறையட்டும். அன்றைக்கு அந்த இரண்டு குழலையும் நான் பிடிப்பேன். அதுவரை யார் கேட்டாலும், எந்த மேடையில் கேட்டாலும், முடியாது என்பேன்!

டிரைவரின் மனைவி எழுந்து வெளியே போகிறார். கோபத்தில் போகிறாரா, அழப் போகிறாரா, எனக்குத் தெரியவில்லை. பசை டாக்டர் இருந்திருந்தால் இந்நேரம் பின்னாலேயே ஓடியிருப்பார். மீதிப் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன், வழி விடுங்கள்.