மஞ்சள் இல்லாத மோதிரம்

"தங்கம் வேணாம்மா. நானு திருடிக்கினு வந்துட்டேன்னு சொல்லுவாங்க."

பெங்களூர் போகும் காலை ரயிலில் எனக்கு எதிரே இருந்த பெரியவர் தன் மகளிடம் இதைச் சொன்னதும், நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன். இருவரும், தங்கச் சுரங்கம் மூடிப்போன சாம்பியன் ரீப்ஸில் ஏறியவர்கள். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மோதிரம் வாங்கப் போகிறார்கள்.

"மைன்ஸ் மூடினப்போ நான் கைக்கொழந்தப்பா. இப்ப யாரு கேக்கப் போறாங்க?"

"உனுக்கு இன்னா தெரியும்? ஷிப்ட் முடிஞ்சி மேல வந்தா, வாயத் தொறக்கச் சொல்லி, கையத் தூக்கச் சொல்லி, சோதனை போட்டுத்தான் கேட்டத் தாண்ட வுடுவான்."

"அதான் பிளாட்டினத்துக்கு ஒத்துக்கினேனே. கோபால்ட் கலந்தது கெட்டியா இருக்குமாம். காந்தம் வச்சா லேசா இழுக்குமாம், அவ்ளோதான்."

"அய்யோ, வேணாம். கேட்டுல காந்தம் வச்சிப் பாத்தான்னா?"

"எந்த கேட்டுப்பா?"

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, ருத்தேனியம் கலந்தது வாங்கலாம். சீக்கிரம் கீறல் வுழாதாம்."

"கலரு?"

"வெள்ளதான்."

"மஞ்சளே இருக்காதே?"

"துளி கூட இருக்காது."

"அப்ப அதையே வாங்கிடு. எவன் கேட்டாலும் தைரியமா காட்டலாம்."

பங்காருப்பேட்டையில் டிக்கெட் பரிசோதகர் ஏறி, எங்கள் இருக்கைக்கு வந்து கையை நீட்டினார். பெரியவர் சட்டென்று எழுந்தார். வாயை அகலத் திறந்து காட்டினார். பிறகு இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அப்பா," என்றாள் மகள், "டிக்கெட்டுதான் கேக்குறாரு."