நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல செத்தவர்

"...அதுக்கில்ல பாய், உசுரோட இருக்கறவரு ஒரு கார்டாவது போட்டிருக்கணுமா இல்லியா? அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு! திடுதிப்புனு வந்து பெல் அடிச்சி, 'நான்தாம்மா பட்டாளத்து ஷரஃபுதீன்'னு சிரிச்சிக்கினு நின்னா நான் இன்னா பண்றது? உக்காருங்க. ஐயோ, அங்க வேணாம், ஜன்னல் வழியா தெருவுக்கே தெரியும். இந்தச் சேரு."

ஃப்ளோரா வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வந்த பெரியவர் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சொன்ன இடத்தில் உட்கார்ந்தார். வாயைத் திறக்க அவருக்கு அவள் இடம் விடவில்லை.

"இவரு ஷேவிங் பண்ணிக்க கச்சேரி ரோடு போயிருக்காரு. அரை மணியில வந்துருவாரு. அதுக்குள்ள நான் சொல்றத சொல்லி முடிச்சிடறேன். சாயங்காலம் கோயில் ஹால்ல இவரு புத்தகத்துக்கு விழா. அதுக்குத்தான வந்தீங்க? அதானே பாத்தேன்! இருவத்திநாலு நாவல் எழுதுனாரு பாய், வில்லியம்னா ஊருக்கே தெரியும். அதுக்கெல்லாம் ஒரு துண்டு போத்துனதோட சரி. பட்டாளத்துல இருந்த எழுத்தாளருங்கல்லாம் சண்டைக் கதைய எழுதிப் பேரு வாங்குறாங்க, நீங்களும் எழுதுங்கன்னு பதிப்பகத்துக்காரரு வெங்கடரமணன் இங்கியே வந்து உக்காந்துக்கினாரு. எழுதுனாரு. ஆறாவது பதிப்பு ஓடுது. எதால ஓடுது? நூத்திப் பன்னெண்டாம் பக்கத்தால. ஆத்தைத் தாண்டறப்போ குண்டு பட்டு, இவரு மடியில நீங்க... அதான்... செத்துப் போறீங்களே, அந்தப் பக்கம். காலேஜுப் பொண்ணுங்க போன் பண்ணி அழுவுதுங்க. சாயங்காலம் ஃபாதர் மைக்குல அதைத்தான் படிக்கப் போறாரு. அவரு படிக்கறப்போ நீங்க மொத வரிசையில உக்காந்து பிஸ்கட்டு தின்னுக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?

சிரிக்காதீங்க! உங்களுக்கு நான் எவ்ளோ செஞ்சிருக்கேன் தெரியுமா? வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு மாமனாருக்கு ஒண்ணு, மாமியாருக்கு ஒண்ணு, ஷரஃபுதீன் பாய்க்கு ஒண்ணுன்னு மெழுகுவத்தி ஏத்தறேன். உங்களுக்குன்னு கல்லறை ஏது? மாமியார் தலைமாட்டுலயே ஓரமா வெச்சிருவேன். மழை வந்தா அவங்களுது அணைஞ்சிரும், உங்களுது மட்டும் நின்னு எரியும். அப்பவே எனக்கு சந்தேகம் வந்திருக்கணும்..."

தெருவில் ஒரு ஆட்டோ நின்றது. ஃப்ளோரா பேச்சை நிறுத்திக் காது கொடுத்தாள். எதிர் வீட்டுக்காரர். திரும்பியபோது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இவரு மேல தப்பில்ல பாய். எழுத உக்காந்தா இவருக்கு ஒண்ணும் ஞாபகம் வரல. 'அங்கேருந்து உனக்கு இன்னா எழுதுனேன் ஃப்ளோரா, சொல்லேன்'னாரு. லெட்டரெல்லாம் வெள்ளத்துல போச்சே! இருந்தாலும் அதுல இன்னா இருந்துது? 'நலம். உருளைக்கிழங்கு வந்தது. ஷரஃபுதீன் நன்றாகச் சமைக்கிறான்.' மீதியெல்லாம் கறுப்பு மையால அடிச்சி வரும். எந்த எடம், இன்னா நடக்குதுன்னு எழுதக்கூடாதாம், மேலதிகாரிங்க பிரிச்சிப் பாத்து அடிச்சிருவாங்களாம். எனக்குக் கல்யாணமாயி நாலு மாசம். குழாயடிக்குப் போனா லிண்டா நிப்பா. அவ வூட்டுக்காரரு ஏர்ஃபோர்ஸு. தினம் ஒரு விமானத்தைச் சுட்டுத் தள்ளுவாரு, எங்க குழாயடியில. 'உங்காளு இன்னாடி பண்றாரு?'ம்பா. உருளைக்கிழங்குன்னா சொல்றது?

அந்தக் கறுப்புக் கோட்டுக்கு அடியில ஒரு ஆறு இருக்குதுன்னேன். ஒரு வாரம் கழிச்சி இவரை அதைத் தாண்ட வெச்சேன். அப்பறம் ஒரு நாளு லிண்டா, அவ புருசனோட சிநேகிதக்காரரு செத்துட்டாருன்னு அழுதா. எல்லாரும் அவளைச் சுத்தி நின்னுக்கினாங்க, என்னை ஒருத்தரும் பாக்கல. எனக்கு யாரைத் தெரியும் பாய்? பட்டாளத்துல இவரைத் தவிர எனக்குத் தெரிஞ்ச ஒரே பேரு உங்க பேரு..."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"அன்னிக்குத் தண்ணி வரிசையில என்னை ரெண்டு கொடம் முன்னாடி விட்டாங்க.

அதையேதான் இவருகிட்டயும் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே நெசமாயிருச்சி. இவரும் 'ஆமா ஃப்ளோரா, இப்ப ஞாபகம் வருது'ன்னு கண்ணு கலங்கி எழுதறாரு, பாவி மனுசன்! இப்ப உங்களைப் பாத்தாருன்னா? ஊரு சிரிக்கறது கெடக்கட்டும். என்னைத் திரும்பி ஒரு பார்வை பாப்பாரே... 'எல்லாம் பொய்யா ஃப்ளோரா'ன்னு... அதை என்னால தாங்க முடியாது. உங்க கையைப் புடிச்சிக் கேக்கறேன், இன்னிக்கு ஒரு நாளு மட்டும் செத்தவராவே இருந்துட்டுப் போங்க. டீ போடறேன், குடிச்சிட்டுக் கெளம்புங்க."

சமையல்கட்டிலும் அவள் வாய் ஓயவில்லை. "சக்கரை போடலாமா பாய்? சுகர் கிகர் இருக்குதா? செத்தவருக்கு எந்த டாக்டரு பத்தியம் சொல்லப் போறாரு..."

இரண்டு கிளாஸோடு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. தாழ்ப்பாள் திறந்திருந்தது. நாற்காலியில் அந்தச் சண்டைக் கதைப் புத்தகம், அவர் பையில் கொண்டுவந்தது. ஃப்ளோரா கிளாஸை வைத்துவிட்டு அட்டையைப் பிரித்தாள். முதல் பக்கத்தில் வில்லியத்தின் கோணல் கையெழுத்து.

'அன்புள்ள ஷரஃபுதீன், 112ஆம் பக்கத்தில் உன்னைக் கொன்றுவிட்டேன், மன்னித்துவிடு. பட்டாளத்து உணவு டிப்போவில் உருளைக்கிழங்கு உரித்ததைத் தவிர நீயும் நானும் என்னடா செய்தோம்? இந்த யுத்தத்தை ஃப்ளோராதான் குழாயடியில் தனியாளாக நடத்தியிருக்கிறாள். அவள் சொன்னபடியே எழுதினேன். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாம்.'

கேட் கிறீச்சிட்டது. அவள் புத்தகத்தை அரிசி டப்பாவுக்குள் திணித்து மூடிவிட்டு வந்தாள். வில்லியம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கன்னத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"ரெண்டு டீ இருக்கே, யாரு வந்தது?"

"யாரு வருவாங்க? உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. இது இன்னா, விழா அன்னிக்குப் போயி கன்னத்த வெட்டிக்கினு வந்து நிக்கறீங்க? ஒரு பிளேடுக்கே இவ்ளோ ரத்தம். இவரு ஆத்தைத் தாண்டுனாராம்!"

வில்லியம் ஒரு வாய் டீயைக் குடித்துவிட்டு, "தாண்டுனேனே" என்றார்.

"தாண்டுனீங்க, தாண்டுனீங்க" என்று ஃப்ளோரா பஞ்சை மெதுவாகப் பிய்த்தெடுத்து, கன்னத்தில் படிகாரத்தைத் தேய்த்தாள்.