நாலு மணி வெளிச்சம்

அங்கருந்து எடுக்காதீங்க மேடம். சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. சூரியன் மரத்துக்குப் பின்னாடி நிக்குது பாருங்க, இப்ப அமுக்குனா அடிமரம் மொத்தமும் கரியாத்தான் விழும். நானா? என் பேரு அன்செல்மோ. இந்தச் சதுக்கத்துல முப்பத்தோரு வருஷமா போட்டோ எடுக்குறேன். அதோ அந்த மரக்குதிர என்னுதுதான். ஒரு காது போயிருச்சு, ஆனாலும் பிள்ளைங்க இன்னும் அதுமேலதான் ஏறுதுங்க.

தெரியும் மேடம், எல்லாம் தெரியும். வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, வெட்டுனப்புறம் ஒண்ணு. ரெண்டும் ஒட்டுனாத்தான் ஃபைல மூடுவாங்க. நீங்க மொத போட்டோவ எடுத்தாத்தான் அந்த லாரிக்காரன் ரம்பத்தக் கிளப்பலாம். விசாரிச்சுட்டேன், பேரு ரிகோபெர்த்தோவாம். தொப்பிய மூஞ்சில கவுத்துக்கிட்டுத் தூங்குறான். தூங்கட்டும், பாவம், எழுப்பாதீங்க.

முழு மரமும் தெரியணும்னு உங்க தாள்ல இருக்குல்ல? அப்ப இப்படி பள்ளிக்கூடப் பக்கம் வாங்க. வெளிச்சம் இங்க பிரமாதமா இருக்கு. ஆனா பின்னாடி போங்க, போங்க... ஆச்சா, சுவரு முதுகுல இடிச்சிருச்சா? பன்னெண்டு எட்டு வைக்கத்தான் எடம். இங்கருந்து எடுத்தா இந்த சேய்பா மரத்துக்கு இடுப்பு வரைக்கும்தான் வரும். தலையில்லாத ஆள எடுத்துட்டுப் போய் குடுத்தா குவாத்தமாலா நகரத்துல உங்க ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா?

மேயர் ஆபீஸ் மாடியா? அதையும் பாத்துட்டேன். நட்ட நடுவுல ஏழு கரண்டு கம்பி ஓடுது. அதுவுமில்லாம மேலருந்து எடுத்தா எல்லாமே குட்டியாத் தெரியும். இது என்ன கொய்யாச் செடியா? ஆறு ஆளு கை கோத்தாத்தான் சுத்திப் புடிக்க முடியும். குள்ளமான மாப்பிள்ளைய நெட்டையாக் காட்டணும்னா தரையோட தரையாப் படுத்து எடுக்கணும், அதான் எங்க தொழில் ரகசியம். இந்த ஊருல பாதிக் கல்யாணத்த நான் படுத்துக்கிட்டேதான் எடுத்திருக்கேன். சிரிக்கிறீங்க. நெசமாத்தான்.

இலையே இல்லன்னு பாக்காதீங்க. செத்துப்போகல. வெயில் காலத்துல எல்லாத்தையும் உதுத்துட்டு நிக்கிறதுதான் இதுக்கு வழக்கம். கொஞ்ச நாள்ல காய் வெடிச்சுப் பஞ்சு பறக்கும் பாருங்க, அந்த மாசம் ஒருத்தன் மொகமும் எனக்கு ஒழுங்கா விழாது, எல்லாரு மூக்குலயும் பஞ்சு.

அந்த ரெண்டு வேருக்கு நடுவுல அத்தோல் காய்ச்சுறாங்களே, அந்தம்மாதான் தோன்யா எலுத்தேரியா. ஒரு கிண்ணம் குடிங்க. சோளக் கஞ்சிதான், வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது. இன்னிக்கு மரத்த வெட்டுறாங்கன்னு தெரிஞ்சும் எப்பவும் போல பானையத் தூக்கிட்டு வந்துட்டாங்க. காலையிலருந்து என்னையத்தான் திட்டுறாங்க. என்னைய எதுக்கா? அது... இருக்கட்டும் மேடம். கஞ்சி ஆறிடும்.

இதப் புடிங்க, இந்தக் கயித்த. நுனியில கட்டியிருக்கறது என் பொட்டியோட சாவிதான். கைய நீட்டித் தொங்க விடுங்க. ஒரு கண்ண மூடிக்கிட்டுக் கயித்தையும் மரத்தையும் சேத்துப் பாருங்க. எங்கயாவது சாஞ்சிருக்கா? ஒரு விரல் அளவு? இல்லல்ல? அந்தப் பக்கம் போயும் பாத்துக்கங்க. பள்ளிக்கூடத்து மேல சாயுது, பிள்ளைங்களுக்கு ஆபத்துன்னு தாள்ல எழுதிட்டாங்க. எந்த எஞ்சினியர் வந்து பாத்தான்? சொல்லுங்க, ஒருத்தன் வந்தானா?

சரி. உங்க வேலை போட்டோ எடுக்குறதுதான், உத்தரவு போடுறது இல்ல. ஒத்துக்குறேன். உங்களக் கொற சொல்லல.

அந்த உத்தரவு மேல ஒரு போட்டோ குத்தியிருக்கே, காட்டுங்க. ம்ம். நல்லா வந்திருக்குல்ல? நெசமாச் சொல்லுங்க, நல்லாத்தானே இருக்கு? கீழ வேருங்க மலையாட்டம் எழும்பி நிக்குது, மேல கிளைங்க வானத்தையே புடிக்குது, ஓரத்துல பள்ளிக்கூட மணி. கேமராவத் துளி சாய்க்காம அந்த மணிய உள்ள கொண்டுவர முடியாது மேடம். சாய்ச்சா மரமும் சாஞ்சமாதிரி விழும். அதான் அழகே. நேரா நிக்கிற மரத்த எவன் பாப்பான்? தள்ளாடி விழப்போற மாதிரி இருந்தாத்தான் பாக்குறவனுக்கு நெஞ்சு திக்குங்கும்.

பின்னாடி திருப்புங்க. ஊதா முத்திரை இருக்கும். படிங்க.

ஆமா. அன்செல்மோ, சதுக்கம், சான் அபுந்தியோ. நானேதான். போன வருஷம் திருவிழாவுக்குப் போட்டி வச்சாங்க. மரத்தடியில மல்லாக்கப் படுத்து, ஒண்ணரை மணி நேரம் எறும்புக்கடி வாங்கி எடுத்தேன். மூணாவது பரிசு, ஒரு பிளாஸ்க்கு குடுத்தாங்க. அந்த போட்டோ மேயர் ஆபீஸ் சுவத்துல தொங்குச்சு. யாரோ ஒரு அதிகாரி காப்பி குடிக்கும்போது பாத்துட்டு, ஐயையோ, பள்ளிக்கூடத்து மேல விழப்போகுதேன்னு எழுதிப் போட்டுட்டாரு. மாப்பிள்ளைய நெட்டையாக் காட்டுற வித்தைய மரத்துக்கிட்ட காட்டுனேன். அவ்வளவுதான் நான் பண்ணது.

சும்மா இருப்பேனா? நேரா நிக்கிறமாதிரி பதினாலு போட்டோ எடுத்தேன். கயிறு தொங்கவிட்டே எடுத்தேன். ஆறு மணி நேரம் பஸ்ல போய் உங்க தலைநகர ஆபீஸ் மேஜைமேல பரப்புனேன். அங்க இருந்தவன் கேட்டான், இதையும் நீதான் எடுத்த, அதையும் நீதான் எடுத்த, எதுய்யா பொய்? ரெண்டும் அதே மரம்தான்யான்னேன். சிரிச்சுட்டு அடுத்த ஆளக் கூப்புட்டான். நான் இன்னிமே என்னத்த எடுத்துக் குடுத்தாலும் அங்க செல்லாது.

மணி என்ன, பத்தேகாலா? நீங்க மொதல்ல நின்ன இந்தப் பக்கமிருந்து மட்டும்தான் முழுசாக் கிடைக்கும். இங்க வெளிச்சம் வர நாலு மணி ஆகும். நாலு மணிக்கு அடிமரம் முழுக்கச் செவந்து நிக்கும், வேரு வேரா எண்ணிக்கலாம். இது என் தொழில், இதுல பொய் சொல்ல மாட்டேன். உங்க தாளுக்கும் நல்ல போட்டோதானே வேணும்? அதுவரைக்கும் குதிரைமேல உக்காருங்க, கெட்டியா இருக்கும். நாலு மணிக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

என்ன மேடம், லாரிக்காரன் முழிச்சுட்டானா? முழிக்கட்டும். வேணாம், கேமராவத் தூக்காதீங்க. இறக்குங்க. இன்னும் வெளிச்சம் வரல.