கச்சேரியில் ஒரு கதிரை

— கச்சேரியில, அதான் மாவட்டச் செயலகக் கூட்டத்துல, எங்களுக்கு ஒரு கதிரைதான் தருவாங்களாம், நிரஞ்சன் தம்பி. அதுல நீங்க என்ட மடியில குந்த ஏலுமா? ஏலா. அப்ப நான்தான் போகணும். விளங்குதா?

— விளங்கல நபீல் நானா. சட்டப்படி பாத்தா எங்க ஒன்றியம்தான் போகணும். எங்ககிட்டதான் ஆளு கூட.

— ஒன்றியமாம்! எங்கட கண்டி குறிசுடும் சங்கத்துல ஈந்து கோவிச்சிட்டுப் போன நாலு பேர் கூடித் தேத்தண்ணி குடிச்சா அது ஒன்றியமா?

— கோவிச்சிட்டுப் போகல. வெளிய தள்ளினீங்க. நான் செயலாளர் பதவிக்கு நின்ன அன்னைக்கு, டொய்லட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள வோட்டெடுத்து முடிச்சிட்டீங்களே!

— உள்ளுக்குப் பெய்த்து அவ்வளவு நேரம் எடுப்பீங்க எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?

— ரெண்டு பேரும் சத்தத்தக் கொறைங்க. இது துப்பாக்கி சுடுற எடம், மீன் மார்க்கட் இல்ல. நியாயம் சொல்ல வாங்கன்னு கூப்பிட்டீங்க, நான் ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு பல்லேகலைக்கு வந்திருக்கேன். வந்ததுலருந்து டொய்லட் கதையத்தான் கேக்குறேன்.

— மன்னிச்சிக்கங்க கஜலட்சுமி டீச்சர். இந்த நானாதான் ஆரம்பிச்சாரு.

— யாரு ஆரம்பிச்சாங்கன்னு நான் கேக்கல. கச்சேரிக்குப் போய் என்ன பேசப்போறீங்க? அதச் சொல்லுங்க.

— துப்பாக்கிச் சட்டத்த மாத்தப் போறாங்க டீச்சர். இந்த வருஷம் வெளிநாட்டுலருந்து எயார் ரைபிள் கொஞ்சந்தான் எறக்க விடுவாங்களாம். அத எங்கள மாதிரி விளையாட்டுக்காரங்களுக்குக் குடுக்கிறதா, கொரங்கு வெரட்டுற தோட்டக்காரங்களுக்குக் குடுக்கிறதான்னு இன்னைக்கு ரெண்டு மணிக்குக் கேக்குறாங்க. விளையாட்டுப் பக்கம் ஒருத்தர், தோட்டக்காரங்க பக்கம் ஒருத்தர்.

— அந்தத் தோட்டக்காரன் வந்து ஒப்பாரி வெப்பான், டீச்சர். வாழக்கொல போச்சு, தேங்கா போச்சு எண்டு. அவனுக்கு வாய் தொறக்க விடப்படாது. அதுக்கு அனுபவம் வேணும். பிலிமத்தலாவையில கட போட்டு, எத்தன கஸ்டமர சமாளிச்ச வாய் இது!

— டைல்ஸ் விக்கிற வாய் நானா அது. இங்க தேவ சட்டம் பேசுற வாய்.

— நீங்க விக்கிற இன்சூரன்ஸ் சட்டமா? செத்தாத்தானே சல்லி தருவீங்க.

— ரெண்டு வாயும் போதும். கடைசியா எப்ப சுட்டீங்க?

— யாரு, நானா?

— நபீல் நானாதான். நிரஞ்சன், நீங்க சிரிக்காதீங்க. அடுத்து ஒங்ககிட்டதான் கேப்பேன்.

— டீச்சர், தலைவர் எண்டா சுடணும் எண்டு ஒரு சட்டம் ஈக்கா? ஹோட்டல் மொதலாளி சமைக்கிறதா?

— எனக்கு முழங்கை வலி டீச்சர். டொக்டர் கொஞ்ச நாளைக்குத் தொடவேணாம்னாரு.

— எந்த வருஷத்து டொக்டரு? சரி, விடுங்க. கச்சேரியில இருக்கிற ஐயா என்ன சொன்னாரு?

— பகலைக்கு முந்தி நீங்களே பேசி ஒரு ஆளச் செல்லுங்க, இல்லாட்டி கதிரைய எடுத்துருவன் எண்டாரு.

— அப்ப பேசினது போதும். ஆளுக்கு அஞ்சு குண்டு சுடுங்க. புள்ளி கூட எடுக்கிறவரு போகட்டும். கத முடிஞ்சது.

— இப்பவா?

— இல்ல, அடுத்த பெருநாளைக்கு. ரைபிள எடுங்க நானா.

— அல்லாவே. சரி. பிஸ்மில்லாஹ்.

— நானா, பெல்ட்டக் கொஞ்சம் தளத்துங்க. வயித்துல முட்டிக்கிட்டு ரைபிள் வானத்தப் பாக்குது.

— எனக்குச் சொல்லித் தர வேணாம் தம்பி. நான் சுடுற காலத்துல நீங்க மஹய்யாவையில கிட்டிப்புள் அடிச்சிட்டு ஈந்தீங்க.

— கண்ணாடி எங்க நானா?

— கார்ல ஈக்கி, டீச்சர். தேவையில்ல. பழகின கண்.

— அப்ப சரி. நிரஞ்சன், நீங்க பக்கத்துல நில்லுங்க. எடது குறி அட்ட நானாவுக்கு, வலது அட்ட ஒங்களுக்கு. நான் சொன்ன பொறகுதான் சுடணும். ம்… சுடுங்க.

— டப்! சளார்!

— ஐயோ! என்ன சத்தம் அது?

— தலைய மூடிக்கங்க டீச்சர், மேலருந்து கண்ணாடி விழுது! நானா டியூப்லைட்டச் சுட்டுட்டாரு!

— அது பழைய லைட். தானா வெடிச்சிரிக்கும்.

— ஒங்க குண்டு போன அதே நேரம் பாத்தா?

— கூரையில ஈயம் பூசத்தான் ரைபிளத் தூக்கினீங்களா? ரெண்டு பேரும் மூச்ச உள்ள இழுத்து, மிச்சத்தையும் சுட்டு முடிங்க. லைட்டு இல்லன்னு சாக்குச் சொல்ல முடியாது, வெயில் நல்லா அடிக்குது.

— டப்! டப்!

— முடிஞ்சது டீச்சர்.

— எனக்கும் முடிஞ்சி. கை நல்லாத்தான் ஈக்கி, மாஷா அல்லாஹ்.

— ரைபிள கீழ வைங்க. நான் அட்டைய எடுத்துட்டு வர்றேன்… அட, இது என்ன கூத்து?

— என்ன டீச்சர்?

— நானா அட்டையில மூணு ஓட்ட. நிரஞ்சன் அட்டையில ஆறு.

— ஆறா? அஞ்சு குண்டுல எப்பிடி ஆறு? பாத்தீங்களா, கள்ள வேல!

— கள்ள வேல செஞ்சது நீங்கதான் நானா. ஒண்ணு டியூப்லைட்டுக்கு, மூணு ஒங்க அட்டைக்கு. மிச்சம் ஒண்ண அடுத்த அட்டையில போட்டிருக்கீங்க.

— நான் அவருக்கா சுட்டன்?

— ரொம்ப அருமையாச் சுட்டிருக்கீங்க. இந்த ஆறுல ஒண்ணு நட்ட நடுவுல, சுத்தமான பத்து. மத்த அஞ்சும் ஓரத்துல காகம் கொத்தின மாதிரி இருக்கு.

— அந்தப் பத்து என்ட! பாத்தவொடன தெரியிது. அது என்ட கை.

— எப்பிடித் தெரியும்? பேரா எழுதியிருக்கு? எனக்கும் நடுவுல ஒண்ணு போன மாதிரிதான் இருந்திச்சி.

— எது யாரு குண்டுன்னு தெரியலன்னா, நல்ல புள்ளி அட்டக்காரருக்குத்தான் சேரும். போட்டிச் சட்டம் அப்பிடி. ஆக, நிரஞ்சன் ஜெயிச்சாச்சு.

— பாத்தீங்களா நானா! சட்டப்படி!

— போங்க தம்பி, நல்லாப் போங்க. நானும் கச்சேரி வாசல்ல வந்து நிண்டு, வாறவன் போறவன் எல்லாருக்கும் செல்றன். இவரு ஜெயிச்சது என்ட குண்டால எண்டு.

— நீங்க அதச் சொன்னா நான் டியூப்லைட்டச் சொல்லுவேன்.

— செல்லுங்க!

— சொல்லுவேன்!

— நல்லாருக்கு. அமைச்சு ஆளுங்களும் பொலிசும் காதுகுளிரக் கேக்கட்டும். கேட்டுட்டு ஒங்க ரெண்டு பேருக்கும் ரைபிள் இல்ல, கவண்கூடத் தரமாட்டாங்க.

— நானா, ஒண்ணு மனசத் தொறந்து சொல்றேன். எனக்கு அந்தக் கதிர முக்கியம் இல்ல. மஹய்யாவையில எங்க ஒன்றியத்துல ஒம்போது புள்ளைங்க ஒரே ரைபிள மாத்தி மாத்தி சுடுதுங்க. ஒருத்தன் சுட மத்ததெல்லாம் சொவத்துல சாஞ்சிக்கிட்டு நிக்கிதுங்க. இந்த வருஷமும் வரலன்னா அதுங்க கிரிக்கட்டுக்குப் போயிரும்.

— ஒம்போதுல ஒண்டு என்ட மக இன்ஷிரா.

— தெரியுமா ஒங்களுக்கு?

— தெரியாமலா? நான்தானே வேன்ல கொணு வந்து சந்தியில எறக்கி வுட்டுட்டு, பேக்கரியில குந்திட்டு ஈக்கிறன். எங்கட சங்கத்துல அவளுக்குச் சொல்லிக் குடுக்க ஆளில்ல தம்பி. நான் எப்பிடிச் சுடுவன் எண்டு இப்பதானே பாத்தீங்க.

— நானா… அந்தப் பத்து ஒங்களுதுதான். எனக்கு அஞ்சும் ஓரத்துலதான் போச்சு.

— வுடுங்க. ரெண்டு பேரும் போகவேணாம். போனா சண்ட புடிப்போம். டீச்சர் போகட்டும். மாகாணப் போட்டியில மெடல் எடுத்தது அவங்கதான். பேச்சும் சுருக்கமா, சுள்ளெண்டு ஈக்கி.

— நான் போறதா? நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. பொறகு மாத்திப் பேசக்கூடாது.

— யோசிச்சாச்சு டீச்சர். நபீல் நானா சொன்னதுக்கு நானும் சம்மதம். சங்கமும் ஒன்றியமும் சேந்து ஒருத்தர அனுப்புறது இதுதான் மொதத் தடவ.

— கச்சேரி ஐயாவுக்குச் சொல்லாம நான் எப்பிடிப் போறது?

— இப்பவே செல்றன். ஹலோ, மாத்தயா, நபீல் பேசுறன், கண்டி குறிசுடும் சங்கம்… ஓ, முடிவெடுத்துட்டோம். இல்ல, நான் இல்ல. அவரும் இல்ல. ரெண்டு பேரும் விலகிட்டோம். கஜலட்சுமி டீச்சர்… ஓ, அவங்கதான், மெடல் எடுத்தவங்க… பேச்ச மாத்தமாட்டோம். நிச்சயம்… நல்லது மாத்தயா.

— என்ன சொன்னாரு?

— விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. ஒரு சாப்பாட்டுப் பார்சல் மிச்சம் எண்டாரு.

— ஏன்?

— நாங்க ரெண்டு பேரும் வந்தா ரெண்டு பார்சல் தேவைப்படும் எண்டு நெனச்சீப்பாரு. வேற என்ன?

— சரி, இப்ப சொல்லுங்க. தோட்டக்காரங்க பக்கத்து ஆளு நம்மள எங்க மடக்கலாம்?

— ஒரு கேள்வி மட்டும் வரக்கூடாது டீச்சர். போட்டிக்குப் போறவங்க மொத்தம் எத்தன பேருன்னு.

— எத்தன பேரு?

— எங்க பக்கம் அந்த ஒம்போது புள்ளைங்க.

— சங்கத்துல, நானா?

— சங்கத்துல… ஒங்களச் சேத்தா, ஒண்டு.

— நல்ல விசயம். அப்பறம்?

— அப்பறம் நானாகிட்ட இருக்கிற மூணு ரைபிளும் கடையில கண்ணாடி அலுமாரிக்குள்ள பூட்டியிருக்கு. அதையும் கேக்கப்படாது.

— அத ஏன் தம்பி செல்றீங்க? அது அழகுக்கு வெச்சது!

— டீச்சருக்குத் தெரிஞ்சாத்தானே மறைக்க முடியும். எல்லாத்தையும் சொல்லிருங்க நானா.

— சரி, செல்றன். போன மாசம் ஒண்ட எடுத்து, கட முகட்டுல ஏறின ஒரு கொரங்க வெரட்டினன். படல்ல.

— ஆக, விளையாட்டு ரைபிள் கொரங்குக்கும் ஒதவும்.

— டீச்சர்! அத அங்க பெய்த்து செல்லிராதீங்க. அந்தத் தோட்டக்காரன் அதையே புடிச்சிக்குவான்.

— அந்த ஆளு யாருன்னு ஒங்க ரெண்டு பேருக்கும் தெரியாதா?

— பேரு தெரியாது டீச்சர். குண்டசாலப் பக்கமாம். யாரோ அப்பாவி, கைய கட்டிக்கிட்டு நிப்பாரு. நீங்க ஒரு பார்வ பாத்தாப் போதும்.

— ஓ, டீச்சர்ட வீடும் குண்டசாலதானே! அந்த ஆளத் தெரிஞ்சீக்குமே?

— நல்லாத் தெரியும் நானா. வாழ, பப்பாளி, கத்தரி, ஒண்ணையும் கொரங்கு மிச்சம் வைக்கல, பாவம். அந்த அப்பாவி நாந்தான். இப்ப ரெண்டு கதிரையும் எனக்கு. எதுல ஒக்காரலாம்னு போற வழியில யோசிக்கிறேன், யாரு கார எடுக்கிறது?