ஒன்பது மணித் தண்ணீர்

சிப்பி உடைக்கிறவளுக்கு முதலில் போவது மணிக்கட்டு, வக்கீலம்மா. அப்புறம் இடுப்பு. அதனால் சுவரில் சாய்ந்துகொண்டே சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அடியில் அடுப்புச் சூடு ஓடித் தரை இதமாக இருக்கிறது, நீங்களும் காலை நீட்டி உட்காருங்கள்.

எட்டு வருடங்களுக்கு முன் என் கணவர் மான்கியைக் கொன்றதாக அவருடைய தம்பி சில்போக் சிறைக்குப் போனான். நேரில் பார்த்த சாட்சி நான் ஒருத்திதான். எங்கள் தொங்யோங் துறையில் இது எல்லோருக்கும் தெரியும்.

சில்போக்குக்கு எழுதப் படிக்க வராது. பிறந்த வருடம் கேட்டால் விழிப்பான். ஆனால் யாராவது ஒன்றை மாற்றிச் சொன்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க அவனால் முடியாது. மீன் வாங்க வந்தவளிடம் காலையில் பிடித்தது என்று நான் சொன்னால் பின்னாலிருந்து குரல் வரும்: "அண்ணி, அது நேத்தோடது." அடித்தாலும் சொல்வான். அவன் அண்ணன் அடித்தும் பார்த்தார்.

போலீசிடம் நான் சொன்னது இதுதான். பௌர்ணமி நாள், காலை ஒன்பது மணி, கடலை ஒட்டிய எங்கள் சிப்பிக் கொட்டகைச் சுவருக்குக் கீழே சேற்றில் அண்ணனும் தம்பியும் கட்டிப் புரண்டார்கள், தம்பி இரும்புக் கொக்கியால் அடித்தான். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் சொல்லிப் பழகியது. கடலைப் பார்த்துக்கொண்டு பழகியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். பௌர்ணமியன்று ஒன்பது மணிக்கு அங்கே சேறு ஏது? தண்ணீர் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். எங்கள் துறையில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

நீதிமன்ற வராந்தாவில் காத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. எழுதிக் கொடுத்ததை இனி மாற்ற முடியாது. போலீஸ், நீதிபதி, அவனுக்கு அரசு வைத்த வக்கீல் எல்லோரும் வெளியூர்க்காரர்கள். சிப்பிக் காலம் என்பதால் துறையிலிருந்து ஒருவரும் வரவில்லை. அந்த அறையில் தண்ணீர்க் கணக்கு தெரிந்தவன் ஒருவன்தான், குற்றவாளி இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

நீதிபதியிடம் சொன்னேன்: "ஐயா, அவன் மொகத்தப் பாத்தா பயத்துல நாக்கு எழும்ப மாட்டேங்குது. வெளிய அனுப்பிட்டா சொல்லிடுவேன்."

சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதாம். சில்போக்கை எழுந்திருக்கச் சொல்லி வெளியே கூட்டிப்போனார்கள். போகிற போக்கில் காவலரிடம் கேட்டான்: "எங்க அண்ணி சாப்பிட்டாங்களா? மொகம் வாடியிருக்கே." எனக்குக் கேட்டது. நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு எழுத்து பிசகாமல் சொல்லி முடித்தேன்.

அப்புறம் அவனை உள்ளே அழைத்து, நான் சொன்னதன் சாரத்தை எழுத்தர் படித்திருக்கிறார். நீங்கள் காட்டிய காகிதத்தில் இரண்டு வரிதான் இருக்கிறது. சண்டை, கொக்கி, அடி. மணியும் இல்லை, சேறும் இல்லை. கேள்வி உண்டா என்றதற்கு "நான் அடிக்கல" என்றானாம். கேள்வி இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்தப் பௌர்ணமியன்று காலை என் கணவர் சுவரோரம் குனிந்து சிப்பிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல் "சோறு ஆச்சா?" என்றார். முப்பது வருடம், இரண்டு ஆண்கள், மூன்று வேளை. எனக்குச் சலித்துவிட்டது, வக்கீலம்மா. கொக்கி என் கையில் இருந்தது. தண்ணீரில் விழுந்தார். சுவர் வரைக்கும் நிறைந்திருந்ததால் அதிக நேரம் ஆகவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த சில்போக், நான் கீழே போட்ட அதே கொக்கியை எடுத்துக்கொண்டு குதித்து அண்ணனைத் துழாவினான். ஆட்கள் வந்தபோது அது அவன் கையில் இருந்தது. யார் அடித்தது என்று கேட்டதற்குத் தெரியாது என்றான். பார்க்காததை அவன் சொல்ல மாட்டான்.

அன்று மாலை எனக்கு மட்டும் கொஞ்சம் கஞ்சி வைத்தேன். கழுவ வேண்டிய கிண்ணம் ஒன்றுதான். நன்றாகத் தூங்கினேன்.

போன வாரம் சிறையில் என் சாட்சியத்தை முழுவதும் அவனுக்குப் படித்துக் காட்டினீர்கள் என்றீர்கள். பாதியிலேயே கையைத் தூக்கினானாம். "அண்ணி தப்பா சொல்லியிருக்காங்க. அந்நேரம் சுவரு வரைக்கும் தண்ணி. திருத்திடுங்க வக்கீலம்மா, இல்லாட்டி அவங்கள பொய்க்காரின்னுடுவாங்க."

அவன் அப்படித்தான்.

அவனுக்காக நீங்கள் கேட்கிற மறுவிசாரணையில் முதல் நாளிலிருந்து தீர்ப்பு வரைக்கும் அவன் நீதிமன்றத்திலேயே உட்கார்ந்திருப்பான் என்கிறீர்கள். சரி. எங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். கூண்டில் ஏறி இதையெல்லாம் என் வாயாலேயே சொல்லவும் தயார். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நான் சொல்லும்போது மட்டும் அவனை வெளியே உட்கார வையுங்கள். எனக்காக இல்லை. அவனுக்கு இளகிய மனசு, தாங்க மாட்டான்.